என் நெற்றியில் பிளேவியாவின் புருவம்

எங்க தெருவுல ஒரு பொம்பளை நெத்தியில இன்னொரு பொம்பளையோட புருவம் ஒரு தபசு காலம் பூராவும் குடியிருந்துச்சுன்னு நாளைக்கு யாராவது உங்ககிட்ட வந்து சொன்னா, நம்புங்க, நம்பாமப் போங்க, எனக்கு அதைப் பத்திக் கவலை இல்ல, ஆனா அந்த நெத்தி என் நெத்தி, அந்தப் புருவம் பிளேவியாவோடது, அவ சிரிச்சா அது ஏறிச்சு, அவ கோவப்பட்டா அது நெரிஞ்சுது, அவ நாலு வீடு தள்ளி உக்காந்து என்னைப் பத்திக் கவலையே இல்லாம நகத்துக்குச் சாயம் போட்டுக்கிட்டு இருந்தா இங்க என் மூஞ்சியில அது ஹாயாப் படுத்துக் கிடந்துச்சு, இதை மட்டும் யாரும் மாத்திச் சொல்லக் கூடாது. மாத்திச் சொல்லுதவியளுக்கு எங்க தெருவுல பஞ்சமே இல்ல. அதனால நானே சொல்லிடுதேன்.

என் பேரு ஜொவிட்டா. தூத்துக்குடியில, கோவில் மணி கேக்குத தூரத்துல வீடு. எங்க வீட்டுக்காரவிய பேரு ரீகன், துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாவ. ஒரே மக அனிட்டா, ஆறு வயசு, பொறவியிலயே காது கேக்காது, அதனால வாய்ப் பேச்சும் இல்ல. காது கேக்காத பிள்ளைக்குக் கை போதும்னுதான் எல்லாரும் நினைக்காவ. கை பாதிதான். தண்ணி, சோறு, பள்ளிக்கூடம், பூனை, அப்பா எல்லாத்தையும் கை சொல்லிரும். ஆனா சொன்னது நெசமா கேலியா, அம்மா கோவமா இருக்காளா இல்லையா, இப்போ வரலாமா அங்கனயே நிக்கணுமா, இதெல்லாம் சொல்லுதது புருவம். யாரும் சொல்லிக் குடுக்காம நானும் அவளுமா உண்டாக்கின பேச்சு அது. ரெண்டும் மேலே ஏறினா சரி, வா. ரெண்டும் நடுவுல நெரிஞ்சா நில்லு, வேண்டாம். ஒண்ணு மட்டும் ஏறினா அம்மா சும்மா விளையாடுதேன். அம்புட்டுதான், ஆனா அந்த மூணை வச்சு நாங்க ஒரு நாள் பூராவும் பேசுவோம், சண்டை போடுவோம், சமாதானம் ஆவோம்.

என் கஷ்டகாலம், அவளைப் பெத்த பெறகு வந்த டைபாய்டு காய்ச்சல்ல என் புருவம் முக்காவாசி உதிர்ந்து போச்சு. திரும்ப முளைக்கவே இல்ல. பக்கத்துல வந்து பாத்தாத்தான் அது அசையுதது தெரியும். போன வருசம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுல கொடியை அசைச்சதும் எல்லாப் பிள்ளைகளும் ஓடிச்சு, என் பிள்ளை மட்டும் கோட்டுல நின்னுக்கிட்டு கூட்டத்துக்குள்ள என் மூஞ்சியைத் தேடிச்சு. நான் ஏறுன மட்டுக்கும் ஏத்தினேன் புருவத்தை, இருந்தாத்தானே தெரியும். அவ கடைசி வரைக்கும் ஓடவே இல்ல. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு. எவ்வளவு தூரத்துல நின்னாலும் என் பிள்ளைக்குத் தெரியுத மாதிரி எனக்கு ரெண்டு புருவம் வேணும்னு நான் முடிவெடுத்தது அன்னைக்குத்தான், இதை நான் யார்கிட்டயும் சொல்லல, கட்டுனவியகிட்டக்கூடச் சொல்லல, பிளேவியாகிட்ட மட்டும் சொன்னேன்.

பிளேவியா யாருன்னா, நானும் அவளும் எட்டு வயசுல கோவில்ல ஒரே நாள்ல புதுநன்மை, அதான் முதல் நற்கருணை, வாங்கினவிய. ஒரே துணியில தச்ச வெள்ளைக் கவுன். இருபத்தாறு வருசம். அவ கல்யாணத்துக்கு நான் தோழி, என் கல்யாணத்துக்கு அவ. எனக்கு வலி வந்தன்னைக்கு ஆட்டோவுல கூட வந்தது அவதான், அனிட்டாவுக்குக் காது கேக்கலன்னு டாக்டர் சொன்னன்னைக்கு என் வீட்டு அடுக்களையில நின்னு மூணு நாள் சோறு பொங்கினதும் அவதான். எங்க தெருவுலயே நல்ல புருவம் அவளோடது, மை தீட்டாமலே தீட்டின மாதிரி இருக்கும். வீட்டு முன்ரூம்புல பார்லர் வச்சிருக்கா. புருஷன் ஆன்ட்ரூஸ் கப்பல்ல வேலை, வருசத்துல ரெண்டு மாசம்தான் ஊர்ல இருப்பான். வீட்டுல அவளும் மாமியார் லூர்து மாமியும்தான்.

அவ மதுரைக்குப் போயி புருவத்துல முடி முடியாக் கீறி மை ஏத்துத வேலையைப் படிச்சிட்டு வந்திருந்தா. பத்து நாள் படிப்புன்னு சொன்னா. "பதினோரு பேருக்குப் போட்டாச்சுட்டி. ஒருத்திக்கும் ஒரு குறை இல்ல. நீ கண்ணை மூடிக்கிட்டு வா" அப்பிடின்னா. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் செவ்வாக்கிழமை என்னை வரச் சொன்னா. எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துல தலையில பூ கிடையாது, கறி கிடையாது, பார்லர் பக்கம் ஒரு ஈ காக்கா போகாது, ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம் கல்யாணமா வரும். அதனால சாம்பல் புதனுக்கு முன்னாடி கீறிட்டா தபசு முடியுததுக்குள்ள புண்ணு ஆறி, பொருக்கு உதிர்ந்து, நெறம் தெளிஞ்சு, ஈஸ்டர் பூசைக்கு என் புருவம் ரெடியாயிரும்னு கணக்குச் சொன்னா. அந்தக் கணக்கு என் பிள்ளைக்காகன்னு நான் நினைச்சேன். கல்யாணப் பொண்ணுங்களுக்குக் காட்டுததுக்கு ஒரு மூஞ்சி வேணும்னு அவ நினைச்சிருக்கா.

மரத்துப் போகுத களிம்பைப் பூசினா, ஆனாலும் வலிச்சுது, காகிதத்தைக் கிழிக்குத மாதிரி ஒரு சத்தம் என் மண்டைக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் படுத்திருக்கேன், என் தலைக்குப் பின்னால சுவத்துல பெரிய கண்ணாடி, அவ ஒரு கீறு கீறுவா, நிமிந்து கண்ணாடியைப் பாப்பா, பெறகு ஒரு கீறு. என் மூஞ்சியைத்தான் கண்ணாடியில வச்சுச் சரி பாக்கான்னு நினைச்சுக்கிட்டேன். என் மூஞ்சி எதுக்கு அங்க தெரியப் போகுது, நாந்தான் மல்லாக்கப் படுத்துக் கிடக்கேனே. அவ பாத்தது அவ மூஞ்சியை. வேற ஒரு புருவம் வரையத் தெரியாம அவ புருவத்தையே பாத்துப் பாத்து என் நெத்தியில எறக்கியிருக்கா.

பத்து நாளைக்குத் தண்ணி படக் கூடாது, தூசி படக் கூடாதுன்னு ஒரு துண்டுக் காகிதம் குடுத்தா. மறுநாள் காலையில நான் சாம்பல் பூசப் போனேன். முப்பத்திநாலு வயசுல ஒரு வருசம் விட்டதில்ல, புருவத்துக்காகவா விடுவேன்? சாமியார்கிட்ட "மேலே, முடியோரமாப் பூசுங்க சாமி"ன்னு கேட்டேன், அவிய வரிசையில நிக்குத கூட்டத்தைப் பாத்தாவ, என்னைப் பாத்தாவ, பெருசா ஒரு சிலுவையைப் போட்டு விட்டாவ, சாம்பல் உதிர்ந்து ரெண்டு கீறல் மேலயும் விழுந்துச்சு. எனக்குப் பின்னாடியே பிளேவியா. அதே விரலு, அதே சாம்பல். மையால ஆச்சா, சாம்பலால ஆச்சா, ரெண்டும் சேந்ததால ஆச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெருவுல ரெண்டு கட்சி இருக்கு, நான் எந்தக் கட்சியிலயும் இல்ல.

அன்னைக்கு மத்தியானம் சோறு போடும்போது எங்க வீட்டுக்காரவிய, "எதுக்குக் கோவமா இருக்க?"ன்னு கேட்டாவ. நான் கோவமா இல்ல. சாயங்காலம் பால்காரர் என்னைப் பாத்துத் திகைச்சுப் போயி நின்னாரு. மறுநாள் கண்ணாடியில பாத்தா, நான் சும்மா நிக்கேன், என் புருவம் ரெண்டும் யார் கூடவோ பேசிக்கிட்டு இருக்கு.

அது யாருதுன்னு கண்டுபிடிச்சது லூர்து மாமிதான். வெள்ளிக்கிழமை மீன்காரி வந்து தெருவுல கூடையை எறக்கி நாங்க ஏழெட்டுப் பேர் சுத்தி நிக்கோம், மாமி சாளையை எடுத்து மோந்து பாத்துட்டு நிமிந்து என்னைப் பாத்தா, மீனைக் கூடையிலயே போட்டுட்டா.

"ஏட்டி ஜொவிட்டா, இங்க திரும்பு. இது என் மருமக மூஞ்சியில்லா" அப்பிடின்னா.

"என்ன மாமி சொல்லுதிய?"

"கொழம்புல உப்பு கூடிட்டுன்னு நான் சொன்னா அவ எடது புருவத்தை மட்டும் இப்பிடித்தான் ஒரு இழுப்பு இழுப்பா. ஒம்பது வருசமாப் பாக்குதேன், எனக்குத் தெரியாதா? எல்லாரும் இவளையே பாத்துக்கிட்டு நில்லுங்க, நான் போயிட்டு வாரேன்."

மாமி வீட்டுக்குள்ள போனா. நாங்க எல்லாரும் மீனை விட்டுட்டு நின்னோம், அவிய என் நெத்தியைப் பாக்காவ, நான் அவிய கண்ணைப் பாக்குதேன். கொஞ்ச நேரத்துல என் எடது புருவம் ஒரு இழுப்பு இழுத்துச்சு, பெறகு ரெண்டும் சேந்து நெரிஞ்சுது, பெறகு வேண்டா வெறுப்பா ஒரு ஏறு ஏறி எறங்கிச்சு. மாமி மூச்சு வாங்க வந்து, "முதல்ல உங்க அம்மா வீட்டுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாளான்னு கேட்டேன், அடுத்தால உன் தம்பி சீட்டு விளையாடுதானாமேன்னு கேட்டேன், கடைசியா சரி விடு காப்பி போடுன்னேன்"னு சொன்னா. மூணும் சரியா இருந்துச்சு. மீன்காரி, "சரிதான், யாருக்கு எவ்வளவு சாளை வேணும்?"னு கேட்டா, எல்லாரும் மீன் வாங்கிட்டு வீட்டுக்குப் போனாவ.

அதுக்குப் பெறகு தெரு அதைச் சட்டுன்னு பழகிக்கிச்சு. காலையில லூர்து மாமி தம்ளர்ல காப்பியோட என் வீட்டுக்கு வருவா, என் முன்னால உக்காந்து ஆத்தி ஆத்திக் குடிப்பா, மருமக இன்னைக்கு எப்பிடி இருக்கான்னு என் நெத்தியைப் பாத்து முடிவு பண்ணிட்டுத்தான் அவ வீட்டு அடுக்களைக்குள்ள காலை வைப்பா. ஆன்ட்ரூஸ் நடுக்கடல்லருந்து முதல்ல எனக்கு வீடியோ கால் போடுவான், "அக்கா, கொஞ்சம் மூஞ்சியைக் காட்டுங்க"ம்பான், பாத்துட்டு, "இப்போ வேண்டாம், சாயங்காலம் கூப்பிடுதேன்"னு வச்சிருவான். எதிர்ல வாரவிய என்னை ஒரு தரம் விசாரிச்சிட்டு, கொஞ்சம் கண்ணை மேலே தூக்கி, "பிளேவியா சுகமா?"ன்னு என் நெத்தியை ஒரு தரம் விசாரிப்பாவ. சிலுவைப் பாதைக்கு நான் முன்னால நின்னா சனத்துக்குக் கவனம் செதறுதுன்னு என்னை நாலாவது தூணுக்குப் பின்னால நிக்கச் சொல்லிட்டாவ. சாமியார் ஒரு நாள் வந்து பாத்தாவ, வலிக்குதான்னு கேட்டாவ, இல்ல சாமின்னேன், அப்போ சரின்னு டீயைக் குடிச்சிட்டு, போகுத போக்குல, "பிளேவியா ஏன் பாவசங்கீர்த்தனத்துக்கு வரல?"ன்னு என்கிட்டயே கேட்டாவ.

இம்புட்டுப் பேரு வந்தாவ, வராதது பிளேவியா மட்டும்தான். நாலு வீடுதான் எடையில. ஒம்பதாம் நாள் வாட்ஸ்அப்புல பேசி அனுப்பியிருந்தா. குரல் தழுதழுக்குது. "ஜொவி, என்னை மன்னிச்சிருட்டி, நான் மூணு நாளா அழுதுக்கிட்டே இருக்கேன், ஒரு வாய் சோறு தின்னல, பொருக்கு உதிர்ந்தா எல்லாம் சரியாப் போயிரும், பிச்சு எடுத்துராத." நான் கண்ணாடி முன்னால நின்னுதான் அதைக் கேட்டேன். மூணு நாளாவும் அந்தப் புருவம் அழல. எனக்குத் தெரியாதா, என் மூஞ்சியில இருக்குது. முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அது ஏறின ஏத்தத்தைப் பாத்து, அவளுக்கு ஏதோ நல்ல காரியம் நடந்திருக்குன்னு நான்கூட, வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், நான்கூடச் சந்தோசப்பட்டேன்.

அந்த நாலு மணிக்கு என்ன நடந்துச்சுன்னு மறுநாள் தெரிஞ்சுது. பார்லர் வாசல்ல புது பிளெக்ஸ் போர்டு மாட்டியிருக்கா. எடது பக்கம் "முன்பு"ன்னு போட்டு என் நெத்தி, டைபாய்டுல உதிர்ந்த அந்த மொட்டை நெத்தி, அன்னைக்குக் கீறுததுக்கு முன்னாடி சும்மா ஒரு போட்டோன்னு சொல்லி எடுத்தது. வலது பக்கம் "பின்பு"ன்னு போட்டு அவ நெத்தி. கண்ணுக்குக் கீழ ரெண்டு பேருக்கும் வெட்டிட்டதால யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிருக்கா. தெருவுல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்சுது. ஒரு புழுவைப் பாத்த மாதிரி அந்தப் போர்டைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்திருப்பேன். இருபத்தாறு வருசத்துல அவ இதுக்கு முன்னாடியும் என்னைக் கொறைச்சுப் பேசியிருக்கா, நான் பொறுத்திருக்கேன். அனிட்டாவுக்குத்தான் பொறுக்கல. அவளுக்கு என்ன தெரியும்? நான் முத்தம் குடுக்கப் போறேன், என் புருவம் நெரியுது. கீழே விழுந்து முழங்கால் தேஞ்சு வாரா, தூக்குதேன், என் புருவம் கேலி பண்ணுது. முதல்ல குழம்பினா, என் நெத்தியை விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தா. பெறகு கை ரெண்டையும் விரிச்சு, எதும்மா நெசம்னு கேட்டா. கைதான் நெசம், இதைப் பாக்காதன்னு கையால சொன்னேன், சொல்லும்போதே புருவம் ஏறி, இல்ல இல்ல, சும்மா சொல்லுதேன்னு சொல்லிச்சு. துணியை எடுத்து நெத்தியைக் கட்டினேன். கட்டினா அவளுக்கு நான் பாதி ஊமை. ரெண்டு வாரத்துல அவ என்கிட்ட ஒண்ணும் கேக்குததை விட்டுட்டா, சோத்துத் தட்டைப் பாத்துக்கிட்டே தின்னா. பள்ளிக்கூடத்து டீச்சர், வீட்டுல என்ன பிரச்சினைன்னு எழுதி அனுப்பினாவ.

மூணாவது வாரம் ஒரு சாயங்காலம். பள்ளிக்கூட வேன் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் எறக்கி விடும். நான் இந்தப் பக்கம், ரெண்டு கையிலயும் ரேஷன் பை, துணி அவுந்து தோள்ல கிடக்கு. அவ எறங்கினா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, பழக்கதோசம், எத்தனையோ நாளைக்குப் பெறகு என் மூஞ்சியைப் பாத்தா. ஒரு ஆட்டோ வருது. நில்லுன்னு என் உசிரைக் கூட்டிப் புருவத்தை நெரிச்சேன். அந்த நேரம் நாலு வீடு தள்ளி அங்க ஒருத்தி போன்ல எதையோ பாத்துச் சிரிச்சிருக்கா. என் ரெண்டு புருவமும் ஏறிச்சு. கருகருன்னு, அழகா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரியுத மாதிரி ஏறிச்சு. பிள்ளை சிரிச்சிக்கிட்டே ரோட்டுல எறங்கிட்டா.

ஆட்டோக்காரர் சட்டுன்னு வண்டியை ஒடிச்சுட்டாரு. முழங்கையிலயும் தாடையிலயும் சிராய்ப்பு, அம்புட்டுதான், மாதா காப்பாத்தினா. ஆனா நான் பையைப் போட்டுட்டு ஓடிப் போயித் தூக்கினப்போ என் பிள்ளை என்னைப் பாத்த பார்வை இருக்கே. அழவே இல்ல. வான்னுதானே சொன்ன, அப்பிடின்னு கையால கேட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டா. காது கேக்காத பிள்ளை கண்ணை மூடிக்கிட்டா நாம என்னத்தைச் சொல்ல?

அன்னைக்குத்தான் நான் பார்லருக்குள்ள போனேன். பிளேவியா எந்திரிச்சா. எங்க ரெண்டு பேர் மூஞ்சியும் எதிரும் புதிருமா, ஒரே புருவம், ஒண்ணா ஏறுது, ஒண்ணா எறங்குது. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வருது, என் புருவம் அவ பயத்தைக் காட்டிக்கிட்டு நிக்கு.

"எனக்கு முன்னால எத்தனை பேருக்குப் போட்ட?"ன்னு கேட்டேன்.

"பதினோரு பேருன்னு சொன்னேன்லாட்டி."

"என் மேல கையை வச்சுச் சொல்லு."

அவ வைக்கல. நாற்காலியில உக்காந்துட்டா. "ஒருத்திக்கும் இல்ல. மதுரையில ரப்பர் தோல்ல ரெண்டு நாள் கீறினேன், பெறகு வந்துட்டேன். நீதான் முதல்."

"எதுக்குட்டி என்னை எடுத்த? நான் எதுக்குப் புருவம் கேட்டேன்னு உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"வேற யாருக்காவது கெட்டுப் போயிருந்தா தெருவுல நின்னு மானத்தை வாங்கியிருப்பாளுவ. நீ சண்டை போட மாட்டன்னு தெரியும் ஜொவி. அதான்." அதைச் சொல்லும்போது அவ பொய் சொல்லல, என் நெத்தியில எனக்குத் தெரிஞ்சுது.

இருபத்தாறு வருசச் சிநேகத்துல அவ என்னைப் பத்திக் கத்துக்கிட்டது அந்த ஒண்ணுதான். நான் சண்டை போட மாட்டேன். எனக்கு அப்பவும் சண்டை போட வரல, அதை நினைச்சாத்தான் இன்னைக்கும் என் மேலயே எனக்கு ஆத்திரம் வருது. போர்டைக் கழட்டுன்னுகூட நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "இது ஆறுத வரைக்கும் தினம் நீ என் வீட்டுக்கு வரணும். காலையில வேன் வாரதுக்கு முன்னாடி, சாயங்காலம் பிள்ளை வந்த பெறகு. அவகிட்ட நான் பேசும்போது அவளுக்குப் பின்னால உக்காந்து, நான் சொல்லச் சொல்ல உன் புருவத்தை ஏத்தி எறக்கணும். என் பிள்ளைகிட்ட எனக்குப் பேசணும்."

வந்தா. மறுநாள் காலையில ஆறு மணிக்கே வந்துட்டா, அதைச் சொல்லாம விட்டா எனக்குப் பாவம். அனிட்டா எனக்கு எதிர்ல தட்டை வச்சு உக்காருவா, அவளுக்குப் பின்னால சுவத்தோரம் பிளேவியா. நான் வாயால "ஏத்து"ம்பேன், அவ ஏத்துவா, என் நெத்தியில ஏறும். "நெரி"ம்பேன், நெரிப்பா. பிள்ளைக்கு என் சத்தம் கேக்காது. முதல் ரெண்டு நாள் அனிட்டா தட்டுலருந்து நிமிரல. மூணாம் நாள் நிமிந்தா. கை சொல்லுததும் புருவம் சொல்லுததும் ஒண்ணா இருக்குததை உத்து உத்துப் பாத்தா. ஆனா நான் பேசும்போது என் கண்ணு அவ தலைக்கு மேல எங்கயோ போயிப் போயி வருதே, பிள்ளை கவனிச்சிட்டா. சட்டுன்னு பின்னால திரும்பினா. பிளேவியா ஏத்தின புருவத்தோட மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பிள்ளை அவளைப் பாத்தா, என்னைப் பாத்தா, திரும்ப அவளைப் பாத்தா, பெறகு வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா பாருங்க, ஒரு மாசமா நான் பாக்காத சிரிப்பு. நானும் சிரிச்சேன், பிளேவியாவும் சிரிச்சா, மூணு பேரும் அன்னைக்கு வேனைக்கூட விட்டுட்டோம்.

அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். அடுத்த நாள் பிள்ளை தட்டைத் தூக்கிக்கிட்டு இடம் மாறி உக்காந்தா, நானும் பிளேவியாவும் ஒரே பக்கம் தெரியுத மாதிரி. நான் கையால சொல்லுதேன், அவ என் கையைப் பாத்துட்டு, நெசமான்னு தெரிஞ்சுக்க பிளேவியா மூஞ்சிக்குப் போறா. மூலம் அங்க இருக்கும்போது நகல் எதுக்குன்னு நினைச்சிருப்பா, புத்திசாலிப் பிள்ளை. பிளேவியாவும் சும்மா உக்காந்திருக்கலாம்லா, இல்ல, அவ நல்லாவே செஞ்சா, நான் சொல்லுததுக்கு முன்னாடியே ஏத்தினா, என்கிட்ட இல்லாத நாலஞ்சு புதுசு புதுசாப் பழக்கினா, ஒண்ணை ஏத்தி ஒண்ணை ஆட்டுவா, பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். சாயங்காலம் அவ கொஞ்சம் பிந்தினா அனிட்டா ஒரு விரலால புருவத்தை இழுத்துக் காட்டி எங்கன்னு கேப்பா. அந்தச் சைகை அதுவரைக்கும் எனக்கு இருந்துச்சு, அம்மான்னு அர்த்தம். அவ அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "பிள்ளை சந்தோசமாத்தானே இருக்கு, நீ ஏன் சடைச்சுக்கிடுத?"ன்னு கேட்டாவ. அவியளுக்கு என்னத்தைச் சொல்லிப் புரிய வைக்க.

பொருக்கு எப்பவோ உதிர்ந்திருந்துச்சு, நெறம் முதல்ல வெளுத்து, பெறகு கொஞ்சம் கொஞ்சமா ஊறிக் கருத்துச்சு. அசைவு நாளுக்கு நாள் கொறைஞ்சுது, பிளேவியா முழுசா ஏத்தினா என் நெத்தியில பாதிதான் ஏறும், பெறகு கால்வாசி. நான் நாளை எண்ணினேன். தபசு நாப்பது நாள்னு பேருதான், ஞாயித்துக்கிழமையெல்லாம் கணக்குல சேராது, நாப்பத்தாறு வரும், அந்த ஆறு நாளைக் கடக்குததுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லூர்து மாமி பெரிய வெள்ளியன்னைக்கு வந்து என் நெத்தியை ரொம்ப நேரம் பாத்துட்டு, "போச்சு, இனி நான் அவகிட்டயே கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்"னு சலிச்சுக்கிட்டுப் போனா.

ஈஸ்டர் அன்னைக்கு விடிஞ்சதும் கண்ணாடி முன்னால நின்னேன். ஏறுன்னு நினைச்சேன், ஏறிச்சு. நெரின்னு நினைச்சேன், நெரிஞ்சுது. நான் அழுதேன், அதுவும் அழுதுச்சு, என் மூஞ்சி எனக்குத் திரும்ப வந்து, அந்தச் சந்தோசத்துல நான் புதுச்சேலையெல்லாம் நனைச்சிட்டேன். ஆனா ஒண்ணு, வேலையைக் குத்தம் சொல்ல முடியாது. கருகருன்னு, மட்டமா, எவ்வளவு தூரத்துலருந்து பாத்தாலும் தெரியுத மாதிரி நல்லாத்தான் வந்திருந்துச்சு.

பூசை முடிஞ்சு கோவில் மைதானம் பூரா சனம். அனிட்டா அவ அப்பா கையைப் புடிச்சிக்கிட்டு அந்தக் கோடியில கொடிமரத்துகிட்ட நிக்கா, நான் இந்தக் கோடியில மாதா கெபிகிட்ட நிக்கேன், நடுவுல முன்னூறு பேராவது இருக்கும். நான் கையை அசைக்கல. வேணும்னேதான் அசைக்கல. அவ என் பக்கம் திரும்புத வரைக்கும் நின்னு, திரும்பினதும் ரெண்டு புருவத்தையும் மேலே ஏத்தினேன், என் புருவத்தை, வான்னு.

பாத்துட்டா. அம்புட்டுத் தூரத்துலருந்து பாத்துட்டா, எனக்கு நல்லாத் தெரிஞ்சுது, ஓடுததுக்கு ஒரு காலை எடுத்துக்கூட வச்சிட்டா. பெறகு நின்னா. தலையைத் திருப்பிக் கூட்டத்துக்குள்ள தேடினா. விளையாட்டு விழாவுல கோட்டுல நின்னுக்கிட்டு என் மூஞ்சியைத் தேடின அதே தேடல். எனக்கு வலது பக்கம், கல்யாணப் பொண்ணுங்க ரெண்டு மூணு பேர் கூடப் பேசிக்கிட்டு பிளேவியா நின்னா, பிள்ளை அவளைக் கண்டுபிடிச்சிட்டா, போகவான்னு அவளைப் பாத்தா. பிளேவியா பிள்ளையைப் பாத்தா, திரும்பி என்னைப் பாத்தா. என் மூஞ்சியில என்ன இருந்துச்சோ தெரியாது, அவளுக்கு அதை வாசிக்கத் தெரியும், இருபத்தாறு வருசமா வாசிச்சவதான். ஒரு நிமிசம் தலையைக் குனிஞ்சிட்டு நின்னா. பெறகு நிமிந்து, போன்னு புருவத்தை ஏத்தினா.

பிள்ளை ஓடி வந்தா. முன்னூறு பேருக்கு நடுவுல புகுந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கிட்டா, நான் குனிஞ்சு அவ உச்சியில முத்தம் குடுத்தேன், பூ வாசம், வேர்வை வாசம், என் பிள்ளை. அவ நிமிந்து என் மூஞ்சியைப் பாத்து, அம்மா கோவமா இருக்கியான்னு ரெண்டு விரலைப் புருவம் மாதிரி நெரிச்சுக் கேட்டா. நான் ரெண்டு புருவத்தையும் மேலே ஏத்தி, இல்ல, எல்லாம் சரிதான்னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்தா, பெறகு அது நெசமான்னு தெரிஞ்சுக்க பிளேவியா பக்கம் திரும்பினா.